விபத்தில் ஊனமுற்றோர் நஷ்டஈடு: கணக்கும் மனோநிலையும்

(விவசாய டிமான்ஸ்டிரேட்டர் ஒருவர் எழுதியது)

கதிரடிக்கும் யந்திரம், தீவனம் வெட்டும் யந்திரம், டிராக்டர், மின்சாரப் பம்பு ஆகியவை கிராமங்களில் பரவியதன் பயனாக விவசாய வேலைகள் துரிதமாக நடைபெறுகின்றன. அத்துடன் விரலிழந்தோரும், கை நசுங்கினோரும், முதுகு நொந்து படுத்தோரும் ஊர்தோறும் காணப்படுகின்றனர். மரத்திலிருந்து விழுதலும் மாடு முட்டுதலும் முன்காலம் முதற்கொண்டே உள்ளவை. இவ்விதம் விபத்துக்குள்ளானவருக்கு இன்ஷியூரன்ஸ் மூலமாகவோ சட்டத்தின் மூலமாகவோ நஷ்டஈடு பெற வழியுண்டு என்பதைப் பலரும் அறிவர். ஆனால் அந்த மனு நடத்தப்படும் முறையே அம்மனிதர் மறுபடி வயலுக்கு வருவாரா, திண்ணையிலேயே தங்கிவிடுவாரா என்பதைப் பல சமயங்களில் தீர்மானிக்கிறது என்பதை அறிந்தோர் சிலரே.

பிற தேசங்களில் கடந்த ஐம்பது ஆண்டுகளாக இவ்விஷயத்தைக் குறித்துப் பெரும் ஆராய்ச்சி நடந்துள்ளது. ஆயிரக்கணக்கான மனுக்களின் கணக்கை ஒன்று சேர்த்துப் பார்த்ததிலும், காயமடைந்தோரின் மனோநிலையையும் குடும்ப நிலைமையையும் விசாரித்ததிலும் கண்ட உண்மைகள் நமது நிலமுடையோருக்கும் கிராம அதிகாரிகளுக்கும் பயன்படத் தக்கவை. அவற்றைச் சுருக்கமாக எடுத்துரைத்து, நாம் கைக்கொள்ள வேண்டிய முறைகளைக் கூறுவதே இவ்வியாசத்தின் நோக்கமாகும்.

காயம் ஒன்று, வேலையிழப்பு வேறு

நஷ்டஈட்டைப் பற்றிய பழைய சட்டங்கள் பல உறுப்பைக் கொண்டே கணக்கிட்டன. நமது தேசத்தில் 1923-இல் இயற்றப்பட்ட தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டத்தின் அட்டவணையில், கட்டைவிரல் போனால் சம்பாதிக்கும் சக்தியில் 100-க்கு 30 பங்கு நஷ்டமென்றும், ஒரு கையின் மற்ற நான்கு விரல்களும் போனால் 50 பங்கென்றும், இரண்டு விரல்கள் போனால் 20 பங்கென்றும் வரையறுக்கப்பட்டது. தொகையைத் தீர்மானிக்க இத்தகைய அட்டவணை அவசியமே. வழக்கு வளராமல் தடுப்பதற்கும் அது உதவும்.

எனினும், அட்டவணை சொல்லாத விஷயம் ஒன்றுண்டு. ஒரே யந்திரத்தில், ஒரே விதமாக இரண்டு விரல்களை இழந்த இருவருள் ஒருவர் இரண்டு மாதத்தில் களத்துக்குத் திரும்புகிறார். மற்றவர் ஓராண்டாகியும் திரும்புவதில்லை. முதுகு வலி, கழுத்து வலி, தோள் வலி ஆகியவற்றில் இவ்வித்தியாசம் இன்னும் அதிகம். அங்கே எண்ணிப் பார்க்க விரலுமில்லை. எக்ஸ்ரே படத்திலும் பெரும்பாலும் ஒன்றும் தெரிவதில்லை. ஆயினும் நோவு உண்மையானதே. ஆகவே, காயத்தின் அளவைக் கொண்டு மட்டும் வேலையிழப்பின் அளவைக் கணிக்க முயலுதல், மண்ணைப் பாராமல் விதையை மட்டும் பார்த்து மகசூலைக் கணிப்பது போலாகும்.

நியூஜிலாந்து தேசத்தின் ஏற்பாடு

இவ்விஷயத்தில் நாம் முதலில் கவனிக்கத் தக்கது நியூஜிலாந்து. ஆட்டு மந்தைகளும் பால் பண்ணைகளும் நிறைந்த அத்தேசத்தில், ஓவன் வுட்ஹவுஸ் என்ற நீதிபதியின் தலைமையில் அமைந்த விசாரணைக் கமிஷன் 1967-இல் தன் அறிக்கையை வெளியிட்டது. விபத்து யாருடைய குற்றத்தால் நேர்ந்தது என்று கோர்ட்டில் வாதாடுவதிலேயே பணமும் காலமும் வீணாகின்றன என்றும், குற்றம் யாருடையதாயினும் காயமடைந்தவரைக் காப்பது சமூகத்தின் பொறுப்பு என்றும் கமிஷன் கூறிற்று. அதன்படி 1972-இல் சட்டம் இயற்றப்பட்டு, 1974 ஏப்ரல் 1 முதல் விபத்து நஷ்டஈட்டு ஸ்தாபனம் வேலை செய்து வருகிறது. வீட்டில் வழுக்கி விழுந்தவருக்கும், பண்ணையில் டிராக்டர் கவிழ்ந்து அடிபட்டவருக்கும் அந்த ஒரே ஸ்தாபனம் உதவுகிறது.

வேலைக்குச் செல்ல இயலாதவருக்கு அவர் சம்பாதித்து வந்ததில் 100-க்கு 80 பங்கு வாரந்தோறும் கிடைக்கிறது. வேலை செய்யுமிடத்தில் நேர்ந்த விபத்தாயின் முதல் வாரத்துக்கு எஜமானரே பொறுப்பு. அதன்பின் ஸ்தாபனம் ஏற்கிறது. சொந்தப் பண்ணை நடத்தும் விவசாயிகளும் சந்தா செலுத்தி இதில் அடங்குகின்றனர். டாக்டர் கொடுக்கும் சான்றிதழும் கவனிக்கத் தக்கது. வேலைக்கு முற்றிலும் தகுதியில்லை என்று எழுதுவதோடு நில்லாமல், இன்னின்ன வேலைகளைச் செய்யலாம் என்று எழுதுவதற்கும் அதில் இடமுண்டு. நிரந்தர ஊனம் என்ற முத்திரையை அவசரப்பட்டுக் குத்தாமல், எஞ்சியுள்ள சக்தியைக் கணக்கில் கொள்வதே இதன் கருத்து.

மஞ்சள் கொடிகள்

இந்த ஸ்தாபனத்தின் கணக்குகளில் முதுகு வலி பெரும் பங்கு வகித்தது. சாதாரண முதுகு வலி பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தணிந்துவிடுகிறது. சிறு பகுதியினருக்கு மட்டும் நீடிக்கிறது. ஆனால் செலவில் பெரும் பங்கு அச்சிறு பகுதியினருக்கே ஆகிறது. அவர்கள் யார் என்பதை முன்கூட்டி அறிய இயலுமா என்று ஆராய்ந்து, கெண்டால், லிண்டன், மெயின் என்ற மூன்று மனோதத்துவ அறிஞர்கள் 1997-இல் ஒரு வழிகாட்டி நூலை எழுதினர். மேற்படி ஸ்தாபனமும் அத்தேசத்துச் சுகாதார ஆலோசனைக் கமிட்டியும் சேர்ந்து அதை வெளியிட்டன.

அபாயமான நோயின் அடையாளங்களை வைத்தியர்கள் 'சிவப்புக் கொடி' என்பர். முதுகு நொந்தவருக்குக் கால் மரத்துப் பலவீனமாதல், சிறுநீர் மலம் கட்டுக்கடங்காமை, சுரம், காரணமின்றி உடல் மெலிதல் முதலியன இருப்பின் தாமதியாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்ல வேண்டும். அவை இல்லாதபோது கவனிக்க வேண்டிய மனோநிலை அடையாளங்களுக்கு அவ்வறிஞர்கள் 'மஞ்சள் கொடி' என்று பெயரிட்டனர். அவற்றுள் முக்கியமானவை நான்கு:

1. இந்த வலி உடலைக் கெடுத்துவிடும், தம்மை முடமாக்கிவிடும் என்ற திடமான நம்பிக்கை.

2. வலிக்குப் பயந்து அசையாமலும் வேலை செய்யாமலும் ஒதுங்குதல்.

3. மனச்சோர்வும், பிறருடன் பழகாமல் விலகுதலும்.

4. மருந்தும் பிறர் செய்யும் சிகிச்சையுமே குணப்படுத்தும், தாம் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை என்ற எண்ணம்.

பின்னர் வந்தோர் இவற்றுடன் வேறு நிறக் கொடிகளையும் சேர்த்தனர். வேலை மிகக் கடினமானது, எஜமானர் ஆதரவு காட்டார் என்பன போன்ற எண்ணங்கள் நீலக் கொடி. நஷ்டஈட்டு விதிகளின் சிக்கல், ஆபீஸ் தாமதம், திரும்பிச் செல்ல இலகுவான வேலை இல்லாமை முதலிய வெளித் தடைகள் கறுப்புக் கொடி. இக்கறுப்புக் கொடி காயமடைந்தவரின் மனத்தில் நடப்பட்டதன்று, நாம் நட்டது என்பதை அதிகாரிகள் நினைவிற்கொள்ள வேண்டும்.

நெற்பயிரில் இலை மஞ்சளாகக் கண்டால் எந்தக் குடியானவரும் பயிரைக் குற்றம் சொல்வதில்லை. தழைச்சத்துக் குறைவா, துத்தநாகச் சத்துக் குறைவா, நீர் வடியாத குறையா என்று மண்ணைப் பார்க்கிறார். நாள் கடந்தபின் இட்ட உரம் பலன் தருவதில்லை என்பதையும் அறிவார். காயமடைந்தவரிடம் காணும் மஞ்சள் கொடியும் அத்தகையதே. அவர் பாசாங்கு செய்கிறார் என்பதற்கு அது சாட்சியன்று. அவருக்கு எந்த உதவி, எவ்வளவு சீக்கிரம் தேவை என்பதற்கே அது அடையாளம்.

ஸ்வீடன் தேசத்துக் கேள்வித்தாள்

அடையாளங்களை அறிந்தால் போதாது. அவற்றை அளக்கவும் வேண்டும். ஸ்வீடனில் ஓரெப்ரோ நகரைச் சேர்ந்த லிண்டன், ஹால்டேன் என்ற இருவர் இதற்கென ஒரு கேள்வித்தாளைத் தயாரித்து 1998-இல் வெளியிட்டனர். ஏறக்குறைய 25 கேள்விகள் கொண்ட இதைச் சில நிமிஷங்களில் நிரப்பிவிடலாம். பெரும்பாலான கேள்விகளுக்கு 0 முதல் 10 வரை ஓர் எண்ணை வட்டமிட்டால் போதும். எத்தனை நாள் வேலைக்குச் செல்லவில்லை, இரவில் தூங்க முடிகிறதா, ஒரு மணி நேரம் நடக்க முடிகிறதா, மனம் சோர்ந்துள்ளதா, செய்யும் வேலை திருப்தியளிக்கிறதா, வலி அதிகரித்தால் வேலையை நிறுத்திவிட வேண்டுமென்று எண்ணுகிறீர்களா, இன்னும் ஆறு மாதத்தில் வேலையில் இருப்பீர்கள் என்று நினைக்கிறீர்களா என்பன அவற்றுட் சில.

மொத்த எண் அதிகமாயின் வேலையிழப்பு நீடிக்கும் அபாயம் அதிகமென்று கொண்டு, அவரை முதலில் சந்தித்துக் கூடுதலான உதவி அளிப்பர். எண் குறைவாயின், தைரியம் கூறிச் சாதாரண சிகிச்சையுடன் விட்டுவிடுவர். உதவுவோரும் பணமும் குறைவாயுள்ள இடத்தில், யாரை முதலில் பார்ப்பது என்று தீர்மானிக்க இது பெரிதும் அனுகூலமாகிறது. ஆறு மாதத்தில் வேலைக்குத் திரும்புவேன் என்ற அவருடைய சொந்த நம்பிக்கையே பல ஆராய்ச்சிகளில் பின்வரும் பலனை நன்கு காட்டிற்று என்பது கவனிக்கத் தக்கது. ஆகவே, அவரையே கேட்பதைவிடச் சிறந்த ஆரம்பம் வேறில்லை.

கணக்குகள் கூறும் உண்மை

கானடா தேசத்தில் கோதுமை விளைச்சலுக்குப் பெயர்பெற்ற சஸ்காச்சுவான் மாகாணத்தில் நடந்தது ஒரு சிறந்த உதாரணம். அங்கே மோட்டார் வண்டி மோதிக் கழுத்து நொந்தவர்கள் 1994 வரையில், மோதியவர் மேல் வழக்கிட்டு வலிக்கும் வேதனைக்கும் பணம் கோரலாம். 1995 ஜனவரி 1 முதல் அந்த முறை மாறி, குற்றம் யாருடையதாயினும் சிகிச்சைச் செலவும் வருமான இழப்பும் கொடுக்கப்பட்டன. வலிக்கென்று வழக்கிடும் வழி பெரும்பாலும் நின்றது. இம்மாறுதலின் பலனை ஆராய்ந்து 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட கணக்கு பின்வருமாறு:

பழைய முறையின் கடைசி ஆறு மாதம்: லட்சம் ஜனங்களுக்கு 417 மனுக்கள், மனு முடிய ஆன நடுத்தரக் காலம் 433 நாள்.

புதிய முறையின் முதல் ஆறு மாதம்: லட்சத்துக்கு 302 மனுக்கள், 194 நாள்.

புதிய முறையின் இரண்டாம் ஆறு மாதம்: லட்சத்துக்கு 296 மனுக்கள், 203 நாள்.

மனு முடிவதும் நோவு தீர்வதும் ஒன்றல்ல என்று சிலர் ஆட்சேபித்தனர். அது நியாயமான எச்சரிக்கையே. ஆனால் வலி குறைந்தோர், நடமாட்டம் தேறியோர், மனச்சோர்வு இல்லாதோர் ஆகியோரின் மனுக்களே சீக்கிரம் முடிந்தன என்றும் அதே ஆராய்ச்சி காட்டிற்று. நோயாளியாயிருந்தால்தான் வழக்கு ஜயிக்கும் என்ற நிலையில் ஒருவரை ஓராண்டுக்கு மேல் நிறுத்தி வைத்தால், அவர் குணமடைவதற்கு எதிராக நாமே வேலை செய்தவர்களாவோம். அவர் பொய் சொல்லுகிறார் என்பது இதன் பொருளன்று. தம் நோவைத் தினந்தோறும் நிரூபிக்க வேண்டியவர் அதை மறக்க இயலாது.

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாகாணத்தில் வேறு முறை கையாளப்பட்டது. தொழிலாளர் நஷ்டஈட்டு ஸ்தாபனம் 1997-இல் தொடங்கி, முதுகு வலிக்காகப் படுத்துக் கிடக்க வேண்டாம், நடமாடுங்கள், இயன்ற வேலையைச் செய்யுங்கள் என்று டெலிவிஷன் மூலம் பிரசாரம் செய்தது. புக்பைண்டர் என்ற பெண் டாக்டரும் அவருடன் ஆராய்ந்தோரும், இப்பிரசாரம் நடைபெறாத அண்டை மாகாணமான நியூ சவுத் வேல்ஸுடன் ஒப்பிட்டு 2001-இல் முடிவுகளை வெளியிட்டனர். விக்டோரியாவில் பொதுமக்களின் எண்ணமும் டாக்டர்களின் எண்ணமும் மாறின. முதுகு வலி மனுக்களும் வைத்தியச் செலவும் குறைந்தன. ஒருவருடைய மனோநிலை அவருக்குள்ளேயே முளைப்பதன்று. ஊர் முழுவதும் என்ன பேசுகிறதோ அதிலிருந்தே பெரும்பாலும் விளைகிறது என்பதை இதனால் அறியலாம். "முதுகு போனால் எல்லாம் போயிற்று" என்று சாவடியில் நாலு பேர் கூறுவதும் ஒரு வியாதியே.

ஆஸ்திரேலியா, நியூஜிலாந்து ஆகிய தேசங்களின் தொழில் மருத்துவர்கள் எடுத்துக்காட்டும் ஒரு கணக்கும் உண்டு. 20 நாள் வேலைக்குச் செல்லாதவர் மறுபடி வேலைக்குத் திரும்பும் வாய்ப்பு 100-க்கு 70. 45 நாளாயின் 50. 70 நாளாயின் 35. கடுமையான காயமடைந்தவரே அதிக நாள் ஒதுங்கியிருப்பாராதலால், நாள் கடந்தது ஒன்றே இதற்குக் காரணமென்று முடிவு செய்யலாகாது. எனினும், நாட்களை எண்ணிக்கொண்டே வரவேண்டும் என்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டுவதில்லை.

கணக்கினால் விளையும் தீங்கு

நிற்க. கணக்கு ஒரு நல்ல கருவியாயினும், தவறான கையில் அரிவாளைப் போன்றதே. இதற்கும் ஆஸ்திரேலியாவிலிருந்தே ஓர் உதாரணம் கூறலாம். அது ஊன நஷ்டஈட்டைச் சேர்ந்ததன்று. எனினும் படிப்பினை பொதுவானது. 2015 முதல் 2019 வரையில் அத்தேசத்து மத்திய சர்க்கார், உதவித்தொகை பெற்றோரின் ஆண்டு வருமானத்தை வரி இலாகாவிலிருந்து எடுத்து, இரு வாரங்களுக்கு இவ்வளவென்று சமமாகப் பங்கிட்டு, கூடுதலாகப் பெற்றதாகத் தோன்றியதைக் கடனென்று வசூலித்தது. யந்திரக் கணக்கே பெரும்பாலும் இதை நடத்திற்று. சில மாதம் வேலையும் சில மாதம் வேலையின்மையும் உடையவருக்கு இக்கணக்கு முற்றிலும் பொருந்தாது. 2019-இல் இம்முறை சட்ட விரோதமென்று தீர்ந்தது. வசூலித்த பணம் திருப்பிக் கொடுக்கப்பட்டது. 2023-இல் ராயல் கமிஷன் தன் அறிக்கையில் இதைக் கடுமையாகக் கண்டித்தது.

அறுவடையில் நாள்தோறும் கூலியும், கோடையில் கூலியே இல்லாமையும் நமது விவசாயத் தொழிலாளியின் ஸ்திதி. அவருடைய வருமானத்தை ஆண்டுக்கும் சமமாகப் பரப்பினால் உண்மை மறையும். ஆகையால் இரண்டு விதிகளை மனத்திற்கொள்ள வேண்டும். கணக்கு யாருக்கு உதவி தேவை என்று சுட்டிக்காட்டலாம். மனுவைத் தள்ளுவதற்கு அதுவே காரணமாகலாகாது. இரண்டாவது, மனச்சோர்வு, கடன், குடும்பத் தகராறு ஆகியவற்றை ஒருவர் நம்பிக் கூறினால், அதை அவருக்கு உதவுவதற்கன்றி அவர் மனுவுக்கு எதிராக உபயோகிக்கலாகாது. ஒரு முறை அவ்விதம் செய்தால் பின்னர் அவ்வூரில் ஒருவரும் உண்மை கூறமாட்டார்.

நம்மிடம் உள்ள ஏற்பாடுகள்

நிலமுடையோர் முதலில் அறிய வேண்டியது, டிராக்டர் முதலிய யந்திர சக்தியாலோ மின்சாரத்தாலோ நடைபெறும் விவசாய வேலையில் உள்ள தொழிலாளியும் 1923-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அடங்கியிருந்தார் என்பதே. அச்சட்டப்படி நஷ்டஈடு கொடுக்கும் பொறுப்பு வேலை கொடுத்தவருடையது. 2025 நவம்பர் 21 முதல், 2020-இல் இயற்றப்பட்ட சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அதன் இடத்தில் அமலுக்கு வந்துள்ளது. தற்போதைய விதிகளைத் தொழிலாளர் இலாகா ஆபீஸில் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

தொகையின் அளவை விளங்கிக்கொள்ள 1923-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கணக்கு ஒன்றைக் கூறுவோம். மாதம் ரூ. 12,000 கூலி பெறும் 40 வயதுள்ள ஒருவர் கதிரடிக்கும் யந்திரத்தில் கட்டைவிரலை இழந்தார் என்று வைத்துக்கொள்வோம். கூலியில் 100-க்கு 60 பங்காகிய ரூ. 7,200-ஐ, 40 வயதுக்குரிய பெருக்கும் எண்ணாகிய 184.17-ஆல் பெருக்கினால் ரூ. 13,26,024 ஆகும். அதில் 100-க்கு 30 பங்கு, அதாவது ஏறக்குறைய ரூ. 3,97,800, அவருக்குரியது. தற்காலிகமாக வேலையிழந்த காலத்துக்கு அரை மாதத்துக்கு ஒரு முறை, மாதக் கூலியில் நாலில் ஒரு பங்கு, அதாவது ரூ. 3,000. இத்தொகையைத் தாமே கொடுக்க இயலாத நிலமுடையோர், அறுவடைக்கு முன்பே இதற்குரிய இன்ஷியூரன்ஸ் பத்திரம் எடுத்துவைத்தல் புத்திசாலித்தனம்.

இதைத் தவிர, 2015-இல் தொடங்கிய பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனா உண்டு. பாங்கியில் கணக்குள்ள 18 முதல் 70 வயது வரையுள்ளவர்கள் இதில் சேரலாம். 2022 ஜூன் முதல் ஆண்டுச் சந்தா ரூ. 20. ஜூன் 1 முதல் மறு மே 31 வரை ஓராண்டுக் காலம். விபத்தால் மரணமோ, இரு கண் பார்வை, இரு கை அல்லது இரு கால் இழப்போ, ஒரு கண்ணுடன் ஒரு கை அல்லது கால் இழப்போ நேர்ந்தால் ரூ. 2 லட்சம்; ஒரு கண் பார்வை, ஒரு கை அல்லது ஒரு கால் இழப்பு நேர்ந்தால் ரூ. 1 லட்சம். விரல் இழப்புக்கு மட்டும் இதில் பணம் கிடையாது. விபத்து நடந்த 30 நாளுக்குள் பாங்கியில் மனுச் செய்துகொள்ள வேண்டும். சந்தா பிடிக்கும் காலத்தில் பாங்கிக் கணக்கில் பணம் இல்லாமற்போனால் பாதுகாப்பும் இல்லாமற்போகும். ஆகவே மே மாதக் கடைசியில் ஒவ்வொருவரும் தம் பாஸ் புஸ்தகத்தைப் பார்த்துக்கொள்ளுதல் நலம்.

விபத்துப் பதிவேடு

ஒவ்வொரு பண்ணையிலும் ஒரு சிறு நோட்டுப் புஸ்தகம் போதும். விபத்து நேர்ந்த அன்றே பின்வருவனவற்றை எழுதிவைக்க வேண்டும்:

1. தேதி, மணி, இடம்.

2. செய்துகொண்டிருந்த வேலை, யந்திரத்தின் பெயர், மறைப்புத் தகடு இருந்ததா இல்லையா.

3. காயத்தின் விவரம், பார்த்தவர்கள் பெயர்.

4. ஆஸ்பத்திரியில் சேர்த்த தேதி, சீட்டு எண்.

5. முந்திய மாதங்களில் பெற்ற கூலி, மாதவாரியாக.

6. மனுக் கொடுத்த தேதி. அதன்பின் நடந்த ஒவ்வொரு நடவடிக்கையின் தேதி.

7. வேலையில்லாது கழிந்த நாட்கள்; இலகுவான வேலைக்கு வந்த தேதி; முழு வேலைக்கு வந்த தேதி.

சில ஆண்டுகள் எழுதிவந்தால், எந்த யந்திரத்தில், எந்த மாதத்தில், நாளின் எந்த வேளையில் விபத்துகள் அதிகம் என்பது தானே விளங்கும். மழைக் கணக்கைப் போன்றே இதுவும் வரப்போவதைக் காட்டும்.

நிலமுடையோர் செய்ய வேண்டியவை

விபத்து நடந்து ஏழு நாளுக்குள் காயமடைந்தவரை அவர் வீட்டில் சென்று பார்க்க வேண்டும். நாலு பேர் முன்னிலையில் விசாரித்தல் கூடாது. "இக்காயம் எப்படி ஆகுமென்று நினைக்கிறீர்கள்? இப்போதும் என்ன வேலை செய்ய முடியும்? எதற்குப் பயப்படுகிறீர்கள்? இரவில் தூக்கம் வருகிறதா? வீட்டுச் செலவு எப்படி நடக்கிறது? மனு எந்த நிலையிலிருக்கிறது என்று தெரியுமா?" என்ற ஆறு கேள்விகளைக் கேட்டு, விடையைப் பொறுமையாகக் கேட்டல் போதும்.

மேற்கூறிய கட்டைவிரல் இழந்தவர் அக்கேள்விகளுக்கு, "யந்திரத்தின் சப்தம் கேட்டாலே கை நடுங்குகிறது" என்று கூறுவாராயின், அவர் சோம்பேறியல்லர். அவரை யந்திரத்தினருகில் உடனே நிறுத்துவதும் தவறு, வேலையே வேண்டாமென்று விடுவதும் தவறு. டாக்டரின் சம்மதத்துடன், நீர் பாய்ச்சுதலை மேற்பார்த்தல், மூட்டைக் கணக்கு எழுதுதல், நாற்றங்கால் காவல் முதலிய வேலைகளில் தினம் சில மணி நேரம் தொடங்கி, வாரந்தோறும் கூட்டிக்கொண்டு போகலாம். யந்திரத்துக்கு மறைப்புத் தகடு போட்டு, அதை அவர் கண்ணால் காணச் செய்தபின் பயம் பெரிதும் தணியும். தூக்கமின்மையும் சோர்வும் வாரக்கணக்கில் நீடித்தால் ஆஸ்பத்திரியில் மனநல டாக்டரிடம் காட்ட வேண்டும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இலகுவான வேலைக்கு வந்தால் நஷ்டஈடு போய்விடுமோ என்ற அச்சம் பலரை வீட்டிலேயே நிறுத்திவிடுகிறது. அட்டவணையில் கண்ட நிரந்தர ஊனத்துக்குரிய தொகை, அவர் வேலைக்குத் திரும்பியதனால் மட்டும் அற்றுப்போவதில்லை என்பதைத் தெளிவாக எடுத்துச் சொல்ல வேண்டும்.

கிராம அதிகாரிகள் செய்ய வேண்டியவை

கிராம நிர்வாக அலுவலரிடம் சான்று கோரி வருவோர், கேட்க அஞ்சி நிற்போரே. என்னென்ன பத்திரங்கள் வேண்டும் என்பதை ஒரே தடவையில், ஒரே தாளில் எழுதிக் கொடுத்தால் பாதித் துன்பம் தீரும். போலீஸ் அறிக்கை, ஆஸ்பத்திரிச் சீட்டு, ஊனச் சான்றிதழ், பாங்கிப் புஸ்தகம் ஆகியவற்றை ஒவ்வொன்றாகக் கேட்டு நாலு முறை நடக்க வைத்தால், ஒவ்வொரு நடையும் ஒரு நாள் கூலியாகும். மனு நிலுவையிலிருப்பின், இன்ன காரணத்தால் நிற்கிறது, இன்ன தேதியில் வந்து பாருங்கள் என்று தெரிவித்தல் வேண்டும். தெரியாமையே மனத்தை அதிகம் வாட்டுவது.

சந்தேகத்துக்கிடமான மனுக்களும் வருவதுண்டு. அவற்றைத் தேதி, சாட்சி, ஆஸ்பத்திரிச் சீட்டு ஆகியவற்றைக் கொண்டு தீர விசாரிக்கலாம். ஒருவரின் முகத்தையோ, ஊர்ப் பேச்சையோ, அவர் சிரித்ததையோ நடந்ததையோ கொண்டு முடிவு செய்யலாகாது. பத்துப் பேருள் ஒருவர் பொய்யரென்று எல்லோரையும் சந்தேகித்தால், மற்ற ஒன்பது பேரின் நோவையும் நாம் நீட்டித்தவர்களாவோம்.

முடிவுரை

இதுவரை கூறியவற்றின் சாரம் யாதெனில், விபத்து நேர்ந்த அன்றே எழுதுக. ஏழு நாளுக்குள் நேரில் காண்க. முப்பது நாளுக்குள் மனுச் செய்விக்க. இருபதாவது நாளிலும் நாற்பத்தைந்தாவது நாளிலும் புஸ்தகத்தைப் புரட்டி, இன்னும் வீட்டிலிருப்பவர் யாரென்று பார்த்து மறுபடி அவரிடம் செல்க என்பதே. இதற்குப் பெருஞ் செலவு ஒன்றுமில்லை. போன விரல் திரும்ப வராது. ஆனால் அவ்விரலுடன் அம்மனிதரின் கைத்தொழிலும், அவர் குடும்பத்தின் கஞ்சியும், பிள்ளைகளின் படிப்பும் போகாமல் தடுப்பது நம் கையில் உள்ளது. வரும் அறுவடைக்கு யந்திரம் களத்துக்கு வருமுன் பதிவேட்டுப் புஸ்தகம் வந்துவிடட்டும்.